சித்தி வந்து அடிப்பாள்

பிள்ளைகளைப் பிடுங்குவதுதான் என் வேலை.

பி.எஸ்சி. கணிதம் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ரிசல்ட் வந்தபோது வில்பட்டியில் எங்கள் தெருவில் பிளக்ஸ் வைக்காத குறை. ஆனால் கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருக்கிற அந்தப் பிளே ஸ்கூலில் எனக்குக் கொடுத்த வேலை, காலையில் கேட்டில் நின்று அம்மாக்களின் கழுத்திலிருந்து பிள்ளைகளைப் பிரித்து உள்ளே கொண்டுபோய் விடுவது. இன்டர்வியூவில் ஒரு ரைம்ஸ் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பிரின்சிபால் மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நாலெட்ஜ் எல்லாம் ஓகேம்மா. அக்சென்ட் மட்டும் கொஞ்சம் வில்லேஜா இருக்கு. சின்னப் பிள்ளைங்க அதை அப்படியே பிடிச்சுக்கும். கொஞ்ச நாள் கேட்ல இருங்களேன்."

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

ஜோதிமணி என்கிற பெயரும் நீளமாம். ஜோ ஆக்கிவிட்டார்கள். ஜோ ஆன்ட்டி. ரோஸ் கலரில் ஒரு கோட்டு, முடி வெளியே தெரியாமல் ஒரு கம்பளிக் குல்லா, பிள்ளைகளுக்கு வரிசையாகக் காய்ச்சல் வந்ததிலிருந்து வாயையும் மூக்கையும் மூடி ஒரு மாஸ்க். நடுவில் தெரிகிற இரண்டு கண்தான் ஜோ ஆன்ட்டி.

பிடுங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் அம்மாவின் துப்பட்டாவோ செயினோ கூடவே வரும். அக்குளுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, வராந்தாவில் இருக்கிற மீன் தொட்டியின் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும். "ஃபிஷ் பாரு, ஆரஞ்ச் ஃபிஷ் பாரு." பிள்ளை மீனைப் பார்க்கிற நேரத்தில் அம்மா ஓடிவிட வேண்டும். பிள்ளை திரும்பும்போது அங்கே வெறும் கேட்டுதான் இருக்கும். அதற்குப் பிறகு வருகிற அழுகை வேறு மாதிரியானது. ஆனால் அது கேட்டின் பொறுப்பில்லை. உள்ளே இருக்கிற மிஸ்ஸின் பொறுப்பு.

எனக்கு இது நன்றாகவே வந்தது. ஒட்டன்சத்திரம் லாரிக்குக் கோஸ் மூட்டை தூக்கிவிட்டு வளர்ந்த கை. பிள்ளை என்ன கனம்?

எல்லா அம்மாக்களும் ஓட வேண்டியதில்லை. ரிசார்ட் முதலாளியின் மருமகள் தன் மகனோடு வகுப்புக்குள்ளேயே குட்டி நாற்காலியில் உட்கார்ந்து வாரக்கணக்கில் போன் பார்த்தாள். அதற்குப் பெயர் டிரான்ஸிஷன். எங்கள் ஊர் அம்மா ஒருத்தி கேட்டில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் அதற்குப் பெயர் டிராமா. இரண்டு பெயரையும் வைத்தவர் மேடம்தான். மத்தியானம் வராந்தாவில் நடந்து வரும்போது, "எவ்ரிதிங் ஓகே, ஜோ?" என்று கேட்பார். நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். சுவரில் ஒட்டியிருக்கிற ஆப்பிள் படத்தைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் நல்லா இருக்கு மேடம், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்பேன். காலேஜில் மூன்று வருஷம் கற்றதைவிட இந்த ஒரு வாக்கியம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

அந்த வாக்கியத்தின் தைரியத்தில்தான் அகிலனுக்கு சீட் கேட்டேன்.

அகிலன் என் அக்கா வடிவின் மகன். மூன்றரை வயது. அவன் அப்பன் காய்கறி லாரியோடு ஒட்டன்சத்திரம் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வடிவு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்து பெட்ஷீட் மாற்றுகிறாள். ஊர்ப் பால்வாடி அவள் ஷிப்ட் முடிவதற்கு வெகு முன்பே பூட்டிவிடும் என்பதால், பிள்ளையையும் ரிசார்ட்டுக்கே கூட்டிப்போய் சலவை அறையில் அழுக்குத் துணி மூட்டைக்கு நடுவே உட்கார வைத்திருந்தாள். ஒருநாள் அவன் பிளீச்சிங் கேனைத் திறந்துவிட்டான். நல்ல வேளையாகக் குடிக்கவில்லை. சட்டையோடு போயிற்று. ஆனால் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், இனிமேல் பிள்ளையோடு வருவதென்றால் வரவே வேண்டாம் என்று.

எங்கள் ஸ்கூலில் ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு பீஸ் கிடையாது. சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளவும் செய்வார்கள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதால் அக்கா பிள்ளைக்குக் கேட்டேன். மேடம் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார்.

"தர்றேன் ஜோ. பட் ஒன் திங். கேட்டுக்குள்ள நீங்க அவனுக்கு சித்தி கிடையாது. எல்லாப் பிள்ளைக்கும் எப்படியோ, அவனுக்கும் அப்படித்தான். உங்களையே ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சான்னா மத்த பேரன்ட்ஸ் என்ன நினைப்பாங்க? டெர்ம் லீவுக்குள்ள செட்டில் ஆகலைன்னா, நாம வேற யோசிக்கணும்."

"ஒண்ணும் பிரச்சினை வராது மேடம்."

சீட் போனால் வடிவின் வேலை போகும். அவ்வளவுதான் கணக்கு. கணிதம் படித்திருக்க வேண்டியதே இல்லை.

நான் வெள்ளனே முதல் ஜீப்பில் போய்விடுவேன். வடிவும் அகிலனும் அடுத்த ஜீப்பில் வருவார்கள்; அவனைக் கேட்டில் விட்டுவிட்டு வடிவு அதே ஜீப்பில் ரிசார்ட்டுக்குப் போவாள். முதல் நாள் அவன் இறங்கியதும் நேராக ஓடி வந்து என் இடுப்பில் ஏறிவிட்டான். "சித்தீ!" எல்லோருக்கும் வேடிக்கை. அதன் பிறகு இறங்கவில்லை. இறக்கிவிட்டால் கோட்டைப் பிடித்துக்கொண்டான். கடைவீதியில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிற கிபாயத்துல்லா பாயின் மகள் நஜ்லாவை அவர் தோளிலிருந்து நான் பிரித்தபோது, என் காலடியில் நின்றபடி அவளுக்காகவும் சேர்த்து இவன் அழுதான். வகுப்பில் உட்காரவில்லை. சித்தி எங்கே என்று கேட்டுக் கேட்டு வராந்தாவுக்கு ஓடி வந்தான். அந்த வாரம் முழுக்க இதுதான். வாரக் கடைசியில் மேடம் வந்து நின்று, என்னையும் என் கோட்டில் தொங்குகிறவனையும் பார்த்தார்.

"ஜோ" என்றார்.

அன்று சாயங்காலம் வில்பட்டிக்குப் போகிற ஜீப்பில் வைத்து அந்த வேலையைச் செய்தேன். வண்டி ஓட்டுகிறவர் சேனாதிபதி அண்ணன்; காலையில் வடிவையும் அகிலனையும் ஏற்றி வருகிறவரும் அவர்தான். பின்சீட்டில் நாங்கள் மூன்று பேர், காலுக்கடியில் யாரோ ஒருவருடைய உர மூட்டை.

"ஏலே அகி, இங்க பாரு. ஸ்கூல்ல கேட்டுகிட்ட நிக்கிறது சித்தி இல்ல."

"சித்திதான்."

"இல்லடா. அது ஜோ ஆன்ட்டி. பாக்க சித்தி உசரம் இருப்பா, அவ்வளவுதான். சித்திகிட்ட ரோஸ் கோட்டு இருக்கா?"

யோசித்தான். "இல்ல."

"சித்தி குல்லா போடுவாளா?"

"மாட்டா."

"சித்தி இங்கிலீஷ்ல பேசுவாளா?"

"அதப் பேசியிருந்தாத்தேன் டீச்சரா ஆக்கியிருப்பாகளே" என்று வடிவு சிரித்தாள்.

அகிலன் சிரிக்கவில்லை. என் வாய்க்குள் விரலை விட்டான். எனக்கு இடது பக்கம் துருத்திக்கொண்டு ஒரு சிங்கப்பல் உண்டு. பிறந்ததிலிருந்து அவனுக்கு அதுதான் விளையாட்டுச் சாமான். அதைத் தொட்டுக்கொண்டுதான் தூங்குவான்.

"ஆன்ட்டிக்கு இது இருக்கா?"

"ஆன்ட்டி வாய யாரு பாத்தா? நீ பாத்தியா?"

"இல்ல. மூடியிருந்துச்சு."

"அப்பறம்?"

"அப்ப நீ எங்க இருப்ப?"

"எனக்குச் சோலி கெடக்குல்ல? சோலி முடிஞ்சதும் ஜீப்பு ஸ்டாண்டுக்கு வந்துருவேன்."

சேனாதிபதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "கணக்குப் படிச்ச புள்ளயில்ல, பொய்யக்கூட விடை தப்பாமச் சொல்லுது."

திங்கட்கிழமை அகிலன் ஜீப்பிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தான். ஓடி வரவில்லை. தலையைச் சாய்த்து மாஸ்க்கையே பார்த்தான். "குட் மார்னிங், அகிலன்" என்றேன். வடிவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தான். நான் மற்றப் பிள்ளைகளைப் பிடிக்கிற மாதிரியே அவனையும் பிடித்தேன். அக்குளுக்கடியில் கை, ஒரு சுற்று, மீன் தொட்டி. வடிவு ஓடினாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்துக் கத்தினான்: "சித்தீ! சித்தீ!"

என்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றச் சொல்லி, என் கையில் இருந்தபடியே, என்னைக் கூப்பிட்டான்.

கொஞ்சம் தள்ளி மேடம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். நல்ல முன்னேற்றம் என்று அர்த்தம்.

சாயங்காலம் கோட்டையும் குல்லாவையும் மாஸ்க்கையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அகிலன் வடிவின் கையை உதறிவிட்டு வந்து என் மடியில் ஏறினான். ஜீப் கிளம்புகிறவரைக்கும்கூட அவனால் பொறுக்க முடியவில்லை.

"சித்தி, அந்த ஜோ ஆன்ட்டி கெட்டவ."

"ஏண்டா, என்ன செஞ்சா?"

ஸ்வெட்டரைத் தூக்கி அக்குளைக் காட்டினான். "இங்க புடிச்சா. நகம் குத்துச்சு."

"அழுதியா?"

"அழுதேன். ஒன்னையக் கூப்புட்டேன். நீ வரல."

"சோலியா இருந்தேன்டா."

"நாளைக்கு வந்து அவள அடி."

"அடிச்சுருவோம்."

"எப்ப?"

"சோலி முடியட்டும், வாரேன்."

வடிவு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வீட்டில் முதல் வேலையாக நகத்தை ஒட்ட வெட்டினேன்.

இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் ஜோ ஆன்ட்டியைப் பற்றி எனக்குப் புகார் வந்தது. நானும் கேட்டுக்கொண்டேன். அவன் நிஜமாகவே நம்பினானா, நம்பினால் தனக்கு ஒரு ஆள் கிடைக்கும் என்பதற்காக நம்பினானா, எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டில் எத்தனையோ பிள்ளைகளைப் பிடுங்கியிருக்கிறேன், ஒரு பிள்ளைகூட எனக்கு எதையும் சொன்னதில்லை. எப்படிச் சொல்லும்? கேட்டில் நிற்கிறவளிடமே போய் அவளைப் பற்றி எந்தப் பிள்ளை புகார் சொல்லும்? சித்தியிடம்தான் சொல்லும்.

"நான் மீனப் பாக்க மாட்டேன் சித்தி."

"ஏண்டா, மீனு நல்லாத்தான இருக்கு?"

"மீனப் பாத்தா அம்மா போயிருவா."

அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுகிறவள் நான். அன்றுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் வடிவிடம் சொன்னேன். "ஏக்கா, நாளையிலருந்து ஓடாத. அவன் மூஞ்சியப் பாத்து, அம்மா வேலைக்குப் போயிட்டு, நீ சாயங்காலம் பிஸ்கட்டு தின்னு முடிச்சதும் வந்துருவேன்னு சொல்லிட்டுப் போ."

"மூஞ்சியப் பாத்துச் சொன்னா நான் எங்கிட்டுப் போறது? காலு நகருமா? ஒனக்கு ஒரு புள்ள இருந்தாத் தெரியும்டி."

"புள்ள இல்லாததுனாலதான் எனக்குத் தெரியுது. சொல்லிட்டுப் போ."

"ஜீப்பு நிக்காதுடி, மணி. அந்தாளு ஹாரன அமுக்கிக்கிட்டே இருப்பாரு."

சேனாதிபதியிடம் கேட்டேன், கேட்டில் கொஞ்சம் கூட நிறுத்துங்கள் என்று. "நான் என்ன கல்யாண வண்டியா ஓட்டுறேன், பொண்ணு அழுது முடிக்கிறவரைக்கும் நிக்கிறதுக்கு? பின்னாடி டூரிஸ்ட்டு வண்டிக்காரன் எங்க ஆத்தாவ இழுக்குறான்" என்றார். ஆனால் மறுநாள் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, உள்ளே தலையை விட்டுக்கொண்டு எதையோ தட்டினார். அதற்கு மறுநாளும் வண்டி அதே இடத்தில்தான் மக்கர் செய்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

வடிவு மகனின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவன் அழுதான். அவளும் அழுதாள். ஆனால் அன்று அவன் திரும்பிப் பார்த்தபோது அம்மா போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தான். காணாமல் போகவில்லை. போனாள். அந்த வித்தியாசம் அவனுக்குத் தெரிந்தது. உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

"ஆன்ட்டி 'நோ க்ரையிங், குட் பாய்'ங்குறா சித்தி. நான் குட் பாய் இல்ல."

மறுநாளிலிருந்து அதைச் சொல்வதை நிறுத்தினேன். அழு, நான் இங்கேதான் நிற்கிறேன் என்று தமிழில் சொன்னேன். அகிலனிடம் கற்றதை எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்தேன். நஜ்லாவின் அப்பா ஒருநாள் சட்டையைத் தடவிக் காட்டினார். "என்னம்மா, ஒரு வாரமா பட்டன் பிய்யாமக் கடைக்குப் போறேன். எங்க வீட்டம்மாவுக்கே சந்தேகம் வந்துருச்சு, நீங்க புள்ளயக் கொண்டுபோயி விட்டீகளா, வழியில எவருகிட்டயாச்சும் குடுத்துட்டீகளான்னு."

சாயங்காலம் ஜீப்பில் தீர்ப்பு சொல்வான் அகிலன். "இன்னைக்கு ஆன்ட்டி கொஞ்சம் பரவால்ல."

"அப்ப அடிக்க வேண்டாமா?"

யோசித்துவிட்டு, "ஒரே ஒரு அடி" என்பான்.

அந்த ஒரு அடிக்காக நான் சாயங்காலத்தை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

டெர்ம் லீவுக்கு முன்னால் பேரன்ட்ஸ் மீட்டிங் வந்தது. பிள்ளையைப் பள்ளியில் விடும்போது வருகிற அழுகையைக் கையாள்வது எப்படி என்று பேசுவதற்கு பெங்களூரிலிருந்து ஒரு கவுன்சலரை வரவழைத்திருந்தார் மேடம். நல்ல பெண். என் வயதுதான் இருக்கும். இங்கிலீஷில் பேசினாள். பின்வரிசைக்காக நான் தமிழில் சொல்ல வேண்டும். அக்சென்ட் வில்லேஜாக இருப்பது அன்றைக்கு மட்டும் தேவைப்பட்டது. முன்வரிசையில் ரிசார்ட், காட்டேஜ், டாக்டர் வீட்டு ஆட்கள். பின்வரிசையில் வில்பட்டி, பெருமாள்மலை ஆட்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. அவர்களாகவே அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

"காலையில கிளம்புறதுக்கு முன்னாடி பிள்ளையோட கொஞ்ச நேரம் அவசரமில்லாம விளையாடணுமாம்" என்றேன்.

"விளையாடலாம். வேலைக்கு யாரு போறது, அந்தப் பொண்ணு போகுமா?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பின்வரிசை சிரித்தது. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. கவுன்சலர், என்ன சொல்கிறார்கள் என்று ஆசையாகக் கேட்டாள். நல்ல யோசனை என்று சொல்கிறார்கள் என்றேன்.

"அம்மா முகத்துல கவலை தெரியக் கூடாதாம். தெரிஞ்சா பிள்ளைக்கும் ஒட்டிக்குமாம்."

பின்வரிசையில் வடிவு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மேடம் எழுந்தார். "நவ், ஒரு சக்ஸஸ் ஸ்டோரி" என்றார். வராந்தாவில் மற்றப் பிள்ளைகளோடு இருந்த அகிலனைக் கூட்டி வரச் சொன்னார். புது ஸ்வெட்டர் போட்டு, தலை வாரி, கையில் ஒரு பிளாஸ்டிக் டைனோசரோடு வந்தான்.

"அகிலன், ஹூ இஸ் திஸ்?" என்னைக் காட்டினார்.

"ஜோ ஆன்ட்டி."

"பேரன்ட்ஸ், உங்கள்ல நிறையப் பேருக்கு இது ஒரு சர்ப்ரைஸ். ஜோ அகிலனோட சொந்த சித்தி! வீட்ல இவங்க மடியிலதான் தூங்குவான். ஆனா பாருங்க, ஸ்கூல்ல எவ்வளவு கிளியரா இருக்கான். இதுதான் டிசிப்ளின்."

"இல்ல" என்றான் அகிலன்.

"என்ன இல்ல, டார்லிங்?"

"இது சித்தி இல்ல. ஆன்ட்டி. சித்தி ஜீப்பு ஸ்டாண்டுல வருவா. வந்து இந்த ஆன்ட்டிய அடிப்பா. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. ரிசார்ட் மருமகள் போனைத் தூக்கிப் பிடித்தாள். "ஒன்ஸ் மோர் சொல்லு, பேபி" என்றாள். அவன் சொன்னான். மறுபடியும் சிரிப்பு. பின்வரிசையும் சிரித்தது. வடிவும் சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. கவுன்சலர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து "சோ ஸ்வீட்" என்றாள்.

"ஜோ, எப்படிச் செஞ்சீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார் மேடம்.

எனக்கு அப்போது பிள்ளை தெரியவில்லை. முன்வரிசைதான் தெரிந்தது. மாஸ்க்குக்குள் பேசினால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதைப் பிடித்து இழுத்தேன். குல்லாவும் கூடவே வந்தது.

"எப்படிச் செஞ்சேனா? நான் தூக்கி வளத்த புள்ளகிட்ட யாரோ மாதிரி நின்னேன், அப்படிச் செஞ்சேன். நீங்க உள்ள உக்காந்து போன் பாத்தீங்க. எங்க அக்கா திரும்பிப் பாக்காம ஓடுனா. ஒங்க புள்ள அழுதா டிரான்ஸிஷன், எங்க புள்ள அழுதா சீட்டு போயிரும். அதுக்காக அவனுக்கு நான் சித்தியே இல்லன்னு சொல்லிக் குடுத்தேன். இப்ப சிரிக்கிறீங்க. நான்தான் இவன் சித்தி. வேற எவளும் இல்ல, நான்தான்!"

ரிசார்ட் மருமகள் போனைக் கீழே இறக்கினாள். நல்ல பேச்சு. ஒரு வார்த்தை தடுமாறவில்லை. எவ்வளவோ நாளாக மனசுக்குள் பேசிப் பார்த்து வைத்திருந்தது.

பிறகுதான் கீழே பார்த்தேன்.

அகிலன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிங்கப்பல்லை. பிறகு ரோஸ் கோட்டை. மறுபடியும் பல்லை. அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. நான் குனிந்து கையை நீட்டினேன். "அகி, வாடா." ஒரு அடி பின்னால் வைத்தான். கைகள் இரண்டையும் உடம்போடு ஒட்டி, அக்குளை இறுக்கி மூடிக்கொண்டான். பிறகு திறந்திருந்த கதவு வழியாக வராந்தாவுக்கு நடந்து போய், மீன் தொட்டிக்கு முன்னால் நின்றான். யாரும் திருப்பாமல், தானாகவே, மீனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என் வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. மேடம் கொஞ்சம் சிவந்துபோய், "சோ ஹானஸ், ஜோ" என்றார். கவுன்சலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, இதை மற்ற ஸ்கூல்களில் சொல்லலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டாள். அகிலன் பேசிய வீடியோ பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. நான் பேசியது அதில் இல்லை. வரிசையாக ஹார்ட் போட்டிருந்தார்கள். யாரையும் எதுவும் செய்துவிடவில்லை என் பேச்சு. ஒரே ஒரு ஆளைத் தவிர.

வீட்டில் அன்று அவன் வடிவின் பக்கம் திரும்பிப் படுத்தான். பல்லைத் தொடவில்லை.

திங்கட்கிழமை சேனாதிபதி வழக்கம்போல் பானட்டைத் திறந்தார். அகிலன் இறங்கினான். வடிவு குனிந்து, முகத்தைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அவன் அவள் கையை விட்டுவிட்டு நடந்து வந்தான். என்னைத் தாண்டும்போது, "குட் மார்னிங், ஆன்ட்டி" என்றான். உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றி அடுக்கினான்.

வடிவு ரோட்டில் நின்றபடி கையைத் தட்டினாள். "அழுகலடி மணி! அவனாப் போறான் பாரு!"

"இன்னைக்கு வண்டியும் மக்கர் பண்ணத் தேவையில்ல போலயே" என்று சேனாதிபதி பானட்டை மூடினார்.

மத்தியானம் மேடம் வராந்தாவில் நின்றார். "பார்த்தீங்களா ஜோ? ஹி இஸ் செட்டில்ட்." நான் ஆப்பிள் படத்தைப் பார்த்தேன். சீட் உறுதியாகிவிட்டது. வடிவின் வேலையும் உறுதியாகிவிட்டது. நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொன்னேன்.

சாயங்காலம் ஜீப்பில் அவன் என் மடிக்கு வரவில்லை. வடிவின் மடியில் இருந்தான். வண்டி வில்பட்டி ரோட்டில் இறங்கியது. பனி வந்து கண்ணாடியை மூடியிருந்தது. சேனாதிபதி துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். நான் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"ஏலே அகி, அந்த ஜோ ஆன்ட்டி இன்னைக்கு என்ன செஞ்சா?"

வடிவின் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினான்.

"சொல்லுடா. புடிச்சு இழுத்தாளா? கெட்டவதான அவ? நாளைக்குச் சித்தி வந்து அடிக்கட்டா?"

அவன் என் பக்கம் திரும்பவில்லை. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பழனி முருகன் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நல்ல ஆன்ட்டி. ஒண்ணுமே செய்யல."